பழைய பிரேக் ஆயில்

குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன் எங்கள் ஃபோர்வீல் ஜீப்புக்கு என் கணவரே பிரேக் ஆயில் மாற்றுவார். அவர் வண்டிக்கடியில் படுத்து நட்டைத் திறப்பார். பைப்பில் உள்ள காற்று வெளியேற, நான் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதிக்க வேண்டும்.

போன வருடம் அவர் எடுத்தது, குளியலறை ஜன்னலில் மூடி சரியாக மூடாமல் கிடந்த மிச்ச பாட்டில்.

"ஏங்க, திறந்த ஆயில் ஈரத்த இழுத்து, சூட்டுல கொதிச்சிரும்னு பாட்டில்லயே போட்டிருக்கு. புதுசு வாங்குங்க."

"மிதிக்கச் சொன்னா மிதிட்டி. எனக்குப் பாடம் எடுக்காத."

கேரளா போய்விட்டு அவர் ஓட்டித் திரும்பும்போது, புளியரை இறக்கத்தில் ஆயில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் பெடல் தரைவரை போனது. ஜீப் மண்மேட்டில் முட்டி நின்றது. மகளுக்கு முன்பற்கள் போயின. சூடு ஆறியதும் பெடல் பழையபடி நின்றதால் ஆயில் கொதித்ததற்கு அடையாளமே இல்லை; அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"ஆயில் மாத்தும்போது இவ ஒழுங்கா மிதிக்கல. காத்து ஏறிட்டு," என்று தென்காசி ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொன்னார்.

என் அம்மாவே, "கவனமா மிதிச்சிருக்கலாம்லா," என்றாள். மகள் இன்றும் என்னைத்தான் முறைக்கிறாள்.

நேற்று மறுபடி மிதிக்கக் கூப்பிட்டார். தான் சொன்ன பொய்யை அவரே நம்பிவிட்டார் போல. கையில் அதே பாட்டிலின் மிச்சம். பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் மிதித்தேன்.

"இப்பதான்ட்டி ஒழுங்கா மிதிக்க," என்றார் அடியிலிருந்து.

இன்று காலை, அதே புளியரை வழியாக ஆரியங்காவுக்குக் கிளம்பினார். கூடப் போக ஏறிய மகளைக் கையைப் பிடித்து இறக்கினேன்.

"ஏம்மா?" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை போதும் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்க என்னால் முடியும் என்பது எனக்கே இன்றுதான் தெரிந்தது. மதியத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் அரிசி களைந்து போட்டேன்.