நாச்சிமுத்து அண்ணனின் மூன்று நிற மை

அன்று காலை நாச்சிமுத்து அண்ணனை நான் நலம் விசாரிக்க அழைக்கவில்லை. ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் கம்பெனி ரிக் வண்டி போட்டுக் கொடுத்த போர்வெல் வற்றிவிட்டது. அதையே இன்னும் ஆழப்படுத்த வேண்டும். அந்தப் போரின் பழைய ரெக்கார்டு கணினித் திரையில் திறந்தே இருந்தது. அதைப் படித்துச் சொல்லத்தான் அண்ணன் தேவைப்பட்டார். போனை அவர் மகள் எடுத்தாள். "அப்பா இன்னிக்கு வெடியால நாலு மணிக்கே போயிட்டாருங்க அக்கா" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி இதை யார் படிப்பார்கள் என்ற பயம்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது பொய் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

திருச்செங்கோட்டில் எங்கள் கம்பெனி வண்டிகளில் ஊர் ஊராகப் போன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடந்துவிட்டுத் திரும்பினாலும், ரெக்கார்டு ரூமில் அவர் முன்னால் உட்காராமல் ஒருவரும் வீடு போக முடியாது. "ஊட்டுக்குப் போயி குளிச்சிட்டு வாரேனுங்கண்ணா" என்று ஒரு டிரில்லர் கெஞ்சியது நினைவிருக்கிறது. "குளிச்சா அழுக்கோட அடிக்கணக்கும் போயிருமுங்க, உக்காருங்க" என்று அண்ணன் பேனாவைத் திறந்துவிட்டார்.

எண்ணெய்க் கறை படிந்த வண்டி டைரியைப் பார்த்து, ஆளையும் துருவித் துருவிக் கேட்டு, ஒவ்வொரு போருக்கும் ஒரு தாள் எழுதுவார். கல் மாறிய அடி நீல மையில். தண்ணீர் கண்ட அடி சிவப்பில். மண் சரிந்த அடி பச்சையில். வெறும் எண்கள்தான், பக்கத்தில் ஒரு வார்த்தை இருக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் வண்டில இருக்கறானுங்க சாமி. அவனும் படிக்கோணுமில்ல?" என்றார். மண் சரியும் அடி தெரியாமல் பழைய போரில் இறங்கினால், பாறையை உடைத்து இறங்கும் ஹேமர் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு போரும் போய்விடும்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்று முதலாளி சொன்னதும் முன்னால் நின்றவள் நான். சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஸ்கேன் செய்ய வந்தவர், "கலரா மேடம், கருப்பு வெள்ளையா?" என்று கேட்டார். "கருப்பு வெள்ளையே போதும், இடம் அடைக்காது" என்று யோசிக்காமல் சொன்னேன். மாதிரிக்கு அவர் காட்டிய பக்கம் டைப் அடித்த ஒப்பந்தம், பளிச்சென்று இருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் பின்னைக் கழற்றி, தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "காயிதத்த என்ன பண்ணுவீங்க சாமி?" பேப்பர் மில்லுக்குப் போட்டுவிடலாம், எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றேன். எங்கள் லாரியிலேயே ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த வாரம்தான் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லா எண்ணும் ஒரே கருப்பு. மூடிவிட்டு மறுபடி திறந்தேன், என்னவோ மாறிவிடும் என்பதுபோல.

அண்ணனிடம் காட்டினேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானிருக்கறவரைக்கும் கேளுங்க. ஆனா நான் ரெக்கார்டு இல்லீங்க சாமி, மனுசன்" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் போனில் எண்களை வாசித்தால் சொல்லிவிடுவார். "அந்த நானூத்திப் பத்து பச்சைங்க. அங்கதான் ஹேமர் மாட்டி பசங்க ரெண்டு நாள் சரியா சோறு திங்காமக் கெடந்தாங்க." நிறம் மறந்தாலும் அங்கே பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை.

"ஒரு நாற்காலி போடுங்க, ஒரு மாசம் உக்காந்து அத்தனையும் சொல்லிப்போடறேன்" என்று அவரே மூன்று முறை கேட்டார். முதல் முறை புது சாஃப்ட்வேர் வந்துகொண்டிருந்தது. அடுத்த முறை ஆடிட். மூன்றாவது முறை என்ன காரணம் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நாற்காலி போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

கடைசி வருடத்தில் ஒருநாள் ஓர் எண்ணைச் சிவப்பு என்று சொன்னவர், மறுநாள் காலை ஏழு மணிக்கே அழைத்தார். "நேத்துச் சொன்னது எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. வண்டிய எறக்காதீங்க. தெரியலைன்னு எழுதிப்போடுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதில் பாதிக்கு அந்தப் பதில்தான் வந்தது. ஊகித்துச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்த அவர் ஒருநாளும் முயன்றதில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் 'தெரியலை'தான். இப்போது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அவர் சொல்லிப்போன எண்களுக்கு நிறம் குறிக்கிறேன். மற்றவற்றில் 'தெரியாது' என்று எழுதுகிறேன். தெரியாது என்பவைதான் அதிகம்.

காரியம் முடிந்த மறுநாள் ராசிபுரத்துக்காரர் மறுபடி வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். "ஆறு எண் இருக்குதுங்க. இதுல எதுலயாச்சும் மண்ணு சரியலாமுங்க. எதுன்னு தெரியலீங்க" என்றேன்.

"வேற ஆரையாச்சும் கேக்கலாமுங்களா?"

"ஆருமில்லீங்க."

ஆறு எண்களையும் அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தென்னை எல்லாம் காயுதுங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"அதுவும் எனக்குத் தெரியலீங்க" என்றேன்.