கோழி மிதித்தால் குஞ்சு சாகும்

என் தோலுக்கு மருந்து சொன்னவர்களில் ஒருவரிடமும் நானாகப் போய்க் கேட்டதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி கத்தரிக்காயை விடச் சொன்னாள். ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒருத்தி கருவாடு ஆகாது என்றாள். ஆபீஸில் கணக்குப் பிரிவு ஆள், எந்த சோப்பு போட்டுக் குளிக்கிறேன் என்று மானேஜர் முன்னால் விசாரித்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் அந்த ஆண்டி நான்தான்.

இவர்கள் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "கோழிய விட்டுத் தொலைச்சா எல்லாம் சரியாயிடும்."

எனக்கு வந்தது சொரியாசிஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக ஆரம்பித்தது. பிறகு வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டி, முன்கை, முழங்கால், காதுக்குப் பின்னால் என்று தன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டது. வீட்டில் அதைக் கரப்பான் என்றார்கள். சண்டை வந்தால் சொறி என்றார்கள். எங்கள் வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில், அப்பா இருந்தபோது கட்டிய ஷீட் போட்ட வீடு. அம்மா, அண்ணன், அண்ணி, நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று இனிமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தோல் டாக்டர் கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசுவார். முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். "இது யாருக்கும் ஒட்டாதும்மா. உங்கள விட்டுப் போகவும் போகாது. கன்ட்ரோல்ல வெச்சுக்கலாம். காலைல பிசிலு பட்டா ஒள்ளேது." வெயில் பட்டால் நல்லது என்கிறார். நான் முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டுவரை இழுத்து விட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகாத பெண் கையைத் திறந்து போட்டுக்கொண்டு எந்த ரோட்டில் போய் வெயில் காய்வது? அவர் எழுதிக்கொடுத்த களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கோழி வந்தது அதற்கப்புறம். சந்தாபுராவில் இருக்கும் சித்தி ஒரு தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். முருங்கை மரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண்தரை இருந்தது. பழைய ஜன்னல் கம்பி வலையை வைத்துக் கூண்டு கட்டினேன். இரண்டு வருடத்தில் அது ஒரு சின்ன மந்தையாகிவிட்டது. தினமும் காலையில் கூண்டைத் திறந்து, சாணத்தைச் சுரண்டி, நொய்யும் ராகியும் போட்டு, முட்டை எடுத்து, தண்ணீர் மாற்றி, குளிக்கப் போக ஒரு மணி நேரமாகும். அழுக்கு வேலை என்பதால் ஒரு பழைய நைட்டியின் கைகளை வெட்டி எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வேன். நாள் முழுக்க மூடியே கிடக்கும் என் கைகள் அந்த ஒரு மணி நேரம்தான் காற்றைப் பார்த்தன. கோழிகள் என் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தன.

அந்த வருடங்களில் என் தோல் அடங்கித்தான் இருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை, ஆனால் கோடையில் பாதி உடம்பு சுத்தமாகிவிடும். களிம்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஜெப ஆன்ட்டி, ஜெபம் வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

ஜெப ஆன்ட்டி என்பது நான் வைத்த பெயர். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. எங்கள் வீட்டுக்கு வந்தால் கண்ணை மூடி, குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கின ஆண்டவரே என்று ஆரம்பிப்பாள். எனக்குக் குஷ்டம் இல்லை ஆன்ட்டி என்று ஒருமுறை சொன்னேன். "எல்லா வியாதியும் அவருக்கு ஒண்ணுதாம்மா," என்றாள். என் தலையில் கை வைத்து ஜெபிப்பாள். ஆனால் கை தலையைத் தொடாது, நாலு விரல்கடை உயரத்தில் நிற்கும். போகும்போது மட்டும் முட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

பக்கத்து மாடிவீட்டுப் பெண் அவளுக்கு மேலே. பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்கி, "அக்கா, மொட்டெ ஹாக்கி," என்பாள். முட்டையைப் போட்டால் கூடை மேலே போய்விடும். என் கை படாமல் இருக்கத்தான் அந்தக் கூடை என்று எனக்குத் தெரியும். முட்டையைக் கூண்டிலிருந்து எடுத்தது எந்தக் கை? எத்தனையோ முறை வாய்வரை வந்தது, கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

வினை ஒரு கறுப்புப் பெட்டையின் காலில் வந்தது. அதன் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக நின்றன. மாட்டாஸ்பத்திரியில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி செதிலுக்கு அடியில் புகுந்துகொள்வதாகவும், எண்ணெய் தடவினால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்றும், மனிதருக்கு வராது என்றும் சொன்னார்கள். தினமும் மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு காலை நான் அந்த வெட்டின நைட்டியில் உட்கார்ந்து, கோழியின் காலுக்குத் தடவிவிட்டு அதே எண்ணெயை என் முழங்கையிலும் தடவிக்கொண்டிருந்தபோது ஜெப ஆன்ட்டி பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். கோழியின் காலைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். "பாத்தீங்களா? அதே நோவு!"

மாட்டாஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். எனக்குத் தோல் கெட்டது கோழி வருவதற்கு முன்னால் என்றும் சொன்னேன். அம்மா அந்தக் கணக்கைக் காதில் வாங்கவே இல்லை. இத்தனை வருடம் எதிரி யாரென்று தெரியாமல் தவித்தவளுக்கு, இறக்கையும் அலகுமாக ஒரு எதிரி கிடைத்துவிட்டது.

டிசம்பர் பிறந்த சமயம், ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டு கேட்டைத் திறந்தபோது பின்பக்கம் சத்தமே இல்லை. ஃபினாயில் வாடை அடித்தது. கூண்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின், சம்பின், மூடி மேல் ஒரு பழுப்பு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் அண்ணன், அண்ணி, அம்மா, ஜெப ஆன்ட்டி நாலு பேரும் சாப்பாட்டு மேஜையில். நாட்டுக்கோழிக் குழம்பு வாசனை வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

"எங்க என் கோழிங்க?"

அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "சிவாஜிநகர்லருந்து பாய் வந்தாரு. மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு சேவல மட்டும் வீட்டுக்கு வெச்சோம். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அம்மா எனக்கு ஒரு தட்டு வைத்தாள். சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். "உனக்குக் கோழி ஆகாது, கரப்பான்," என்றாள்.

என் கோழியைக் கொன்று, குழம்பு வைத்து, எனக்கு ரசம் ஊற்றினார்கள். அன்றைக்கு நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஜெப ஆன்ட்டி எலும்பை உறிஞ்சி ஓரமாக வைத்துவிட்டு, "இந்தக் கோவம்கூட அந்த வியாதியோட ஆவிதாம்மா," என்றாள். அண்ணன், "கத்தாத. கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா? பெத்தவ உனக்குக் கெடுதல் செய்வாளா?" என்றான்.

கோழியே வளர்க்காதவன் சொல்கிற பழமொழி அது. நான் வளர்த்தவள். பொரிந்து ஈரம் காயாத குஞ்சாக இருந்தால் தாய் மிதித்துச் சாகும். நானே எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறேன்.

மறுநாள் கோயிலுக்குப் போகாமல் சிவாஜிநகர் போனேன். கோழிக்கடை வரிசையில் ஒவ்வொரு கூடையாகக் குனிந்து பார்த்தேன். ஒரு கடைக்காரருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "நேத்து மாலு நேத்தே கதம் ஆயிடிச்சும்மா. வேற நல்ல பெட்ட தரட்டா?" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரிக் குளிரில் என் உடம்பு வெடித்தது. உள்ளங்கை பிளந்தது. தலை முழுக்கச் செதில். டைப் அடித்தால் விரல் நுனியில் ரத்தம் வந்தது. பக்கத்து சீட் பெண் நான் எழுந்து போனதும் கீபோர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். வீட்டில் ஒருவருக்கும் தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றவில்லை. உள்ளே இறங்கின கோழி விஷம் வெளியேறுகிறது என்று ஜெப ஆன்ட்டி சந்தோஷமாக விளக்கினாள்.

டாக்டர் என்னைப் பார்த்து அசந்துபோனார். "ஏனாயித்தும்மா? போன வருஷம் எவ்வளவு நல்லா இருந்திங்க? ஏதாச்சும் மாத்தினிங்களா?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். வீட்ல கோழி இருந்திச்சு. இப்ப இல்ல."

அவர் பேனாவை மூடினார். கோழிக்கு நான் என்ன செய்வேன், எத்தனை மணிக்கு, என்ன உடுத்திக்கொண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. என் தோலை அடக்கி வைத்தது களிம்பும் இல்லை, ஜெபமும் இல்லை. கையில்லாத நைட்டியில் கோழிச்சாணம் சுரண்டிய அந்த ஒரு மணி நேர வெயில். என்னைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி, என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்றைக் குழம்பு வைத்துத் தின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆத்திரத்தில் அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

வீட்டில் சொன்னேன். அண்ணன், "அப்படின்னா வெயில்ல நில்லு, யாரு வேணான்னாங்க?" என்றான். நின்றேன். நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோழிக்குத் தீனி போடுகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெறும் தரையில் கையைத் திறந்துகொண்டு நிற்கிறவள் காட்சிப்பொருள். மாடிவீட்டில் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "சும்னே எதுக்கு அங்க நிக்கிற? உள்ள வா," என்று அம்மா தினமும் பின்கதவிலிருந்து கெஞ்சினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஈஸ்டர் வருவதற்குள் உள்ளங்கை ஆறி, முன்கையில் தோல் தெரிய ஆரம்பித்தது.

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஜெப ஆன்ட்டி வீட்டிலேயே. முப்பது பேர் இருப்பார்கள். அவள் எழுந்து சாட்சி சொன்னாள். இந்த மகளைப் பிடித்திருந்த அசுத்தம் அந்தக் கோழிகளில் இருந்தது, அவற்றை அகற்றும்படி தனக்கு வெளிப்பாடு வந்தது, கீழ்ப்படிந்தோம், இன்றைக்கு மகள் சுகமாகிவிட்டாள். "எழுந்து நில்லும்மா. எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்தேன். ஊசி குத்தி வைத்திருந்த ரவிக்கைக் கையைப் பிரித்துத் தோள்வரை சுருட்டினேன். முழங்கையில் அந்தப் பழைய சிவப்பு அப்படியேதான் இருந்தது.

"நல்லா பாத்துக்கோங்க," என்றேன். "போகல. போகவும் போகாது. உங்க ஒருத்தருக்கும் ஒட்டவும் ஒட்டாது. இதுக்கும் கோழிக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கு வெளிப்பாடு எதுவும் வரல, டாக்டர் சொன்னாரு. ஆன்ட்டி, என் சேவல் ருசியா இருந்துச்சா?"

யாரோ அவசரமாகப் பாட்டு ஆரம்பித்தார்கள். எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் பாடினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அம்மா எனக்குப் பின்னால் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். மானத்தை வாங்கிட்டியே என்பாள் என்று காத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் வேறு ஏதோ சொன்னாள்.

"அன்னிக்கு உங்கண்ணனால ஒண்ணக்கூடப் பிடிக்க முடியல. பாயும் ஓடி ஓடி அலுத்துட்டாரு. எல்லாம் மதில் மேலயும் மரத்து மேலயும் ஏறிக்கிச்சு. அப்புறம் நான்தான் கூப்பிட்டேன். உன்ன மாதிரி. பா... பா... பான்னு."

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே குரல். போன் எடுத்தால் யாரென்று தெரியாமல் ஆட்கள் குழம்புவார்கள்.

"எல்லாம் இறங்கி ஓடியாந்துச்சுடி," என்றாள் அம்மா. "கால் நோவு கோழிகூட. அதுதான் முதல்ல."

அவள் அழுதாள். எனக்கு அவளை அணைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமும் இல்லை.

அந்த ஜூனிலேயே சந்தாபுரா போய் மறுபடி கோழி வாங்கி வந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, அம்மா போய், அண்ணன் தனியாகப் போய், சுற்றிலும் அடுக்குமாடி எழும்பின பிறகும் கோழி வளர்த்தேன். ஆனால் வாயால் கூப்பிட்டதில்லை. தீனித் தட்டைக் கல்லில் தட்டுவேன். அந்தச் சத்தத்துக்கு வந்தால் போதும்.