மௌனச் சுற்றுலாவில் லூர்த்தம்மா

யாழ்ப்பாணத்துக் குருநகர் மீன் சந்தையில் லூர்த்தம்மாவின் குரல் கேட்காத காலை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் நினைவில்லை. பாறை மீனுக்கு விலை சொன்னாலும், பக்கத்துக் கடைக்காரியின் மருமகளைப் பற்றிச் சொன்னாலும் ஒரே சத்தம்தான். கணவர் யாகோப்பு கடலிலிருந்து திரும்பும்போது வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, மனைவியின் குரலைக் கேட்டுத்தான் கரை பிடிக்கிறார் என்பார்கள். யாகோப்பு அதை மறுத்ததில்லை. அவர் இறந்து, ஒரே மகள் லவீனா கனடாவுக்குப் போன பிறகும் அந்தச் சத்தம் குறையவில்லை.

குறைய வேண்டும் என்று முடிவு செய்தது லவீனா. கிளினிக்கில் பிறஷர் கூடியிருப்பதாகச் சொன்னதை லூர்த்தம்மாவே, ஏதோ பரிசு கிடைத்ததுபோல, தொலைபேசியில் மகளுக்குச் சொல்லிவிட்டார்.

“வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ அம்மா. உங்களுக்கு ஒண்டு நடந்தா அங்கை ஆர் பாக்கிறது?”

“ஒழுங்கை முழுக்க ஆக்கள் கிடக்குது பிள்ளை.”

“அவையள் விடுப்புப் பாக்கத்தான், புதினம் அறியத்தான் வருவினம்.”

பல நாள் இழுபறிக்குப் பிறகு லவீனா ஓர் உடன்பாட்டுக்கு வந்தாள். பருத்தித்துறைக்கு அருகே, கடலோரமாக, ‘அமைதிக்குடில்’ என்றொரு ஆரோக்கிய விடுதி புதிதாகத் திறந்திருந்தது. அதில் ஒரு வாரம்.

“அவையள் சொல்லுற மாதிரி ஒழுங்கா இருந்து முடிச்சுக் காட்டுங்கோ. பிறகு வீடு விக்கிற கதை எடுக்கமாட்டன். இடையிலை ஓடி வந்தியளோ, கனடாவுக்கு ரிக்கற் போட்டிடுவன்.”

இப்படியாக, பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்த்தம்மா, கடலைப் பார்த்து மன அமைதி பெறுவதற்காக இன்னொரு கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒழுங்கையில் ஒருவருக்கும் சொல்லாமல் போனார்.

அங்கே எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு. காலையில் பச்சை நிறத்தில் இலைச்சாறு. மத்தியானம் வேறு பச்சையில் வேறு சாறு. ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள், இவ்வளவு தூரம் பறந்து வந்து ஒன்றும் சாப்பிடாமல் பாயில் படுத்திருந்தார்கள். விடுதியை நடத்தும் சிவகரன் சுவிசிலிருந்து திரும்பியவர். மெதுவாகத்தான் கதைப்பார்.

“மூச்சைக் கவனியுங்கோ அம்மா.”

“அது தன்ரை பாட்டிலை போகுது தம்பி. அதை ஏன் ஆக்கினைப்படுத்துறியள்?”

ஆனாலும் லூர்த்தம்மா கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார். வீடு போய்விடுமே.

வெள்ளிக்கிழமை ‘மௌனச் சுற்றுலா’. ஊர் பார்க்கப் போகலாம். ஆனால் காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. வான் ஓட்டுவது தாஹிர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களைப் போலவே யாழ்ப்பாண நகரத்திலிருந்து குடும்பத்தோடு துரத்தப்பட்டு, பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருடைய தாய் மீன் வாங்கியது லூர்த்தம்மாவிடம்தான்.

“லூர்த்தக்கா, பின்னேரம் வரைக்கும் வாய் திறக்கேலாதாம். உங்களுக்கு ஏலுமே? கடல் வத்தினாலும் நீங்க வாய் மூடமாட்டியளே.”

“நக்கலோ தம்பி? அவள் வீட்டை வித்துப்போடுவாள். நான் வாயைத் தைச்சுக்கொண்டு இருப்பன், பார்.”

மணி அடித்தது. பருத்தித்துறை வெளிச்சவீட்டை எல்லோரும் பேசாமல் பார்த்தார்கள். கரவெட்டி வயல்களைப் பேசாமல் கடந்தார்கள். நல்லூர்க் கோபுரத்தையும் கோட்டையையும் பேசாமல் பார்த்தார்கள். கடைசி இடத்துக்கு ‘உள்ளூர் மீனவர் வாழ்வு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வான் நின்றது குருநகர் இறங்குதுறையில்.

தாஹிர் அவர்களை இறக்கிவிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். சிவகரன் உதட்டில் விரலை வைத்தபடி முன்னால் நடந்தார். வெளிநாட்டவர்கள் எங்கள் ஆட்களைப் படம் எடுத்தார்கள். நடுவில், வெள்ளை உடுப்போடும், விடுதியில் வைத்துவிட்ட எண்ணெய் வழியும் தலையோடும் லூர்த்தம்மா நின்றார்.

முதலில் கண்டது செபஸ்தியம்மா. லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் விற்பவர்.

“எடி லூர்து! என்னடி கோலம் இது? கன்னியாஸ்திரி மடத்திலை சேந்திட்டியோ?”

பதில் இல்லை. செபஸ்தியம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கூப்பிட்டால் லூர்த்தம்மா பதில் சொல்லாமல் இருந்ததை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. யாகோப்பு இறந்த அன்றுகூட வருகிறவர்களுக்கெல்லாம் உட்காரக் கதிரை எங்கே இருக்கிறது என்று சத்தம்போட்டுச் சொன்னவர்.

“ஆருக்கடி? ஆருக்கு என்ன நடந்தது?”

லூர்த்தம்மா தன் வெள்ளை உடுப்பைத் தொட்டார். பிறகு தூரத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். கனடாக்காரி செய்த வேலை என்று அதற்கு அர்த்தம். அந்த நேரம் பார்த்து, அப்போதுதான் இறக்கிய ஒரு முழுப் பாறை மீன் அவர் கண்ணில் பட்டது. நாலு நாள் இலைச்சாறு. கண் கலங்கிவிட்டது.

செபஸ்தியம்மாவுக்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

“ஐயோ, என்ரை மாதாவே! லவீனா!”

லூர்த்தம்மா ‘இல்லை, இல்லை’ என்று தலையை ஆட்டினார். மகள் போனதை நம்ப முடியாத தாய் வேறு எப்படி ஆட்டுவாள்? செபஸ்தியம்மா கட்டிப்பிடித்து அழுதார். சிவகரன் வந்து, விரலை உதட்டில் வைத்து, லூர்த்தம்மாவை மெல்ல விலக்கிக் கூட்டிக்கொண்டு போனார். துக்கத்தில் இருப்பவரை இதைவிட அழகாக யாரும் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஒழுங்கைக்குச் செத்த வீடு ஒன்றைத் தொடங்க அதிக நேரம் பிடிக்காது. கோவில் மண்டபத்திலிருந்து கதிரைகள் வந்தன. லூர்த்தம்மாவின் பூட்டிய வீட்டுக்கு முன்னால் பந்தல் ஏறியது. தேத்தண்ணிக் கேத்தல் கொதித்தது. நாலு வீட்டுக் குசினியில் சோறு வெந்தது. படக்கடை வைத்திருக்கும் லெனாட், பூவும் மெழுகுதிரியும் வைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி செய்து பேஸ்புக்கில் போட்டான். கனடாவில் விடிந்தபோது, தன் ஆன்மா சாந்தியடைய நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேண்டியிருப்பதை லவீனா பார்த்தாள்.

பின்னேரம் அமைதிக்குடிலின் தொலைபேசி அலறியது. சிவகரன் முகம் வெளிறி, அதை ஸ்பீக்கரில் போட்டபடி ஓடி வந்தார்.

“அம்மா! நான் உயிரோடை இருக்கிறன் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ!”

லூர்த்தம்மா பேசாமல் இருந்தார்.

“அம்மா, கதையுங்கோ,” என்றார் சிவகரன். “பிரச்சினையில்லை.”

லூர்த்தம்மா தலையை ஆட்டி மறுத்தார். மகள் சோதனை வைக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. லவீனா கத்தினாள், அழுதாள், அஞ்சலியின் வாசகங்களை வரிவரியாக வாசித்தாள். கடைசியில் சிவகரன் தானே போய் மணியை அடித்தார்.

“உயிரோடைதானே பிள்ளை கதைக்கிறாய்?” என்றார் லூர்த்தம்மா. “பிறகு என்ன சத்தம்?”

விஷயம் விளங்கியதும் சீலையை எடுத்து மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

“இப்ப போனா வாரம் முடிச்சதா வராது அம்மா,” என்றார் சிவகரன். “மகளிட்டை நான் பொய் சொல்லேலாது.”

லூர்த்தம்மா வாசலில் செருப்பைப் போட்டார். வீடு போகும் என்று அவருக்குத் தெரியும்.

“சொல்லுங்கோ தம்பி. அங்கை என்ரை பிள்ளையின்ரை செத்த வீடு நடக்குது. நான் இஞ்சை இலைச்சாறு குடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?”

தாஹிர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். வான் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அழுகை உச்சத்துக்குப் போனது. லூர்த்தம்மா இறங்கி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சத்தத்தை ஒரேயடியாக விட்டார்.

“நிப்பாட்டுங்கோ! அவள் சாகேல்லை!”

“அப்ப ஏனடி வாய் திறக்காமல் நிண்டனீ?” செபஸ்தியம்மாவுக்கு ஆத்திரம். “நான் தொண்டை கிழிய அழுதிட்டன். ஆர் இப்ப சோறு சாப்பிடுறது?”

“நான்,” என்றார் லூர்த்தம்மா. “மீன் இருக்கோ?”

இருந்தது. இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடும்போது லவீனா வீடியோவில் வந்தாள். லூர்த்தம்மா எச்சிற் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போனைப் பந்தல் முழுக்கச் சுற்றிக் காட்டினார். கதிரைகள் நிறைந்து, இடம் காணாமல் மதிலிலும் ஆட்கள் இருந்தார்கள். கடைசி வரிசையில் வேலைக்குப் போன உடுப்போடே வந்தவர்கள்.

“எனக்கு ஒண்டு நடந்தா ஆர் பாக்கிறது எண்டு கேட்டனீ. விடுப்புப் பாக்க வந்தவையை வடிவாப் பார்.”

லவீனா போனைக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பந்தலில் எல்லோரும் நெருங்கி வந்து அவள் வாயையே பார்த்தார்கள்.

“அந்தப் படத்தை ஆர் போட்டது?” என்றாள். “அதிலை நான் குண்டு.”

“அவசரத்திலை அதுதான் கிடைச்சது அக்கா,” என்றான் லெனாட். “அடுத்தமுறை நல்லதாப் போடுறன்.”

வீடு விற்கும் கதையை லவீனா பிறகு எடுக்கவில்லை. போன மாதம் லெனாட்டின் போனுக்கு ஒரு புதுப் படம் அனுப்பியிருந்தாள். ஸ்டூடியோவில், முகத்தைக் கொஞ்சம் திருப்பி எடுத்தது. பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாளாம்.