பெயர் எழுதாத சீட்டு

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. நெய்வேலி நகரியத்தில் என் மகன் அப்போது படித்த பள்ளிக்கு, அவனுடைய ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். அன்று அவனுடைய பிளஸ் ஒன் வகுப்புக்கு வளரிளம் பருவ வகுப்பு. வரவேண்டிய நர்ஸம்மா வரவில்லை. அவருக்குப் பதில் வகுப்பெடுக்கச் சொல்லித் தலைமை ஆசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் சுரங்கத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் தொழிலாளர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது என் வேலை.

"தெனம் சேஃப்டி பேசுறீங்களே சார், இதுவும் சேஃப்டிதானே? பட்டுனு எதையும் ஒடைச்சிடாதீங்க. நாசூக்கா சொல்லிக்கினு போயிடுங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஹெல்மெட்டும் இதுவும் ஒன்றா? எதை உடைத்துச் சொல்லக் கூடாது என்கிறாரோ, அதற்காகத்தான் வகுப்பே!

நர்ஸம்மா அனுப்பியிருந்த குறிப்புத் தாளை வைத்துச் சமாளித்தேன். 'பால்வினை நோய்' என்றால் கடைசி பெஞ்சில் சிரிப்பு. 'கர்ப்பம்' என்றால் வாசலில் தலைமை ஆசிரியரின் இருமல். என் மகன் மூன்றாவது வரிசையில் தலையைக் கவிழ்த்தவன்தான், நிமிரவே இல்லை.

சந்தேகங்களைச் சீட்டில் எழுதச் சொன்னோம். வகுப்பாசிரியை பழக்கதோஷத்தில், "பேரு, பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் மொதல்ல எழுதுங்க" என்றுவிட்டார். நகரியத்தில் எந்தத் தாளும் அப்படித்தான் தொடங்கும். அதற்காக இதற்குமா? முகவரி எழுதிக் கொடுத்து மனசைத் திறக்கிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? வந்த சீட்டெல்லாம், 'எந்தப் பழம் உடம்புக்கு நல்லது?'

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. சுரங்கத்தில் மயிரிழையில் தப்பிய விபத்துகளை எங்கள் ஆட்கள் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெயர் கேட்டால் ஒருத்தரும் எழுத மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எல்லாச் சீட்டையும் கிழித்துப் போட்டேன்.

"பேரு வேணாம். கேள்வி இல்லாதவங்க 'இல்லை'ன்னு எழுதுங்க. எல்லார் பேனாவும் ஓடணும்."

புதிதாக வந்தவற்றில் ஒரு சீட்டைச் சத்தமாகப் படித்தேன். 'வேணாம்னு சொன்னா, அப்ப என்மேல நம்பிக்கை இல்லையான்னு கேக்குறாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பயமா இருக்கு.'

சிரிப்பு நின்றது, இருமலும் நின்றது. குறிப்புத் தாளில் இதற்குப் பதில் இல்லை.

"நாளைக்குப் போகாத" என்றேன். "எடம் சரியில்லன்னு தோணினா எறங்க மாட்டேன்னு எங்க ஆளுங்க சொல்லலாம். கோழைன்னு யாரும் சொல்றதில்ல. உன் ஒடம்பு உன்னுது. வேணாம்னா வேணாந்தான், காரணம் சொல்லத் தேவையில்ல. இந்த வயசுல காத்திருக்கிறதால எதுவும் கொறஞ்சு போயிடாது. ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தா, நெருக்கினவங்க தப்பு அது, உன் தப்பில்ல. நர்ஸம்மாகிட்ட போ, திட்ட மாட்டாங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து மகன் சொன்னான்: "அப்பா, அது நான் எழுதல."

"நான் கேக்கலையேடா."

எங்கள் பிளாக் வந்தது. இறங்கியதும் கேட்டான், "இதையெல்லாம் வீட்ல ஏம்ப்பா சொன்னதே இல்ல?"

காலையிலிருந்து ஊர்மேல் காட்டிய எரிச்சலெல்லாம் என் பக்கமே திரும்பியது. அந்தத் தலைமை ஆசிரியரைவிட நான் எந்த விதத்தில் மேல்? வீட்டில் இருமிக்கொண்டிருந்தவன் நான்தான்.

இப்போது மகன் முகத்தைப் பார்த்தே கேட்கிறான், நானும் திக்கித் திணறியாவது சொல்கிறேன். சீட்டை எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது. பழத்தைப் பற்றிப் பேசியே அன்று வகுப்பை முடித்திருந்தால், மறுநாள் அந்தப் பிள்ளை யாரிடம் கேட்டிருக்கும்?