பாஸ் வைத்த கதைப் புத்தகம்

பிள்ளைகளே, விடுமுறை முடியப்போகிற நாட்களில் தன் பிள்ளைகளுக்கு மனம் லேசாகிற மாதிரி என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று மூத்தவள் போனில் கேட்டாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். புத்தகங்களின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரேயொரு புத்தகத்தைப் பற்றித்தான் எழுத முடியும். அதைப் பற்றி உங்களிடம் நான் சரியாகப் பேசியதே இல்லை.

அது சண்டைக் காலம். கற்பிட்டிக் கரையில் கடலுக்குப் போக பாஸ் வேண்டும். போகும்போது படையினரின் காவலரணில் கொடுத்துவிட்டு, கரை திரும்பியதும் வாங்கிக்கொள்ள வேண்டும். படம் ஒட்டி முத்திரை குத்திய மட்டைத் துண்டு. தொலைந்துவிட்டது என்று சும்மா சொல்லிவிட முடியாது. யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் போய் நாட்கணக்கில் வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள்.

அந்த ஆகஸ்ட் விடுமுறையில் பள்ளிக்கூடத்து ரீச்சர் சில கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்குள் சுற்றவிட்டார். ஒரு கிழமை வைத்திருந்து, வெள்ளிக்கிழமை அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். மூத்தவளே, உனக்கு வந்தது ஒரு கிழவனும் அவனுடைய ஆடும் கலியாண வீட்டுக்குப் போகிற கதை. ஆடு மாப்பிள்ளையின் தொப்பியைக்கூடத் தின்றுவிடும். அந்தக் கதையில் யாரும் சாகவில்லை, யாரும் காணாமல் போகவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு நீ சத்தமாக வாசிப்பாய். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நான் வலை தைத்துக்கொண்டு கேட்காதவன் போலக் கேட்டிருப்பேன். அந்த மாதம் வேறு ஆறுதல் எனக்கு இருக்கவில்லை.

உப்புக் காற்றில் மட்டை நெளியும். அதனால் வியாழக்கிழமை கரை திரும்பியதும் பாஸைக் கைக்குக் கிடைத்த அந்தப் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை என்பதால் நாங்கள் கடலுக்குப் போவதில்லை. பாஸின் நினைப்பே எனக்கு வரவில்லை. நீதான் அன்று சிணுங்கினாய்.

"இன்னொரு கெழம வச்சிக்கிறேன் வாப்பா. ரீச்சர் கேட்டா மறந்திட்டேன்னு சொல்றேன்."

"அது அமானிதம், நம்பித் தந்த பொருள். ஒன்ட மொறை முடிஞ்சா கொடுத்திரணும். போ."

அகதி முகாமில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தாய். மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம் அது.

சனிக்கிழமை விடியப் பாஸைக் காணவில்லை. பாய்களை உதறினேன். அலுமாரியில் இருந்ததையெல்லாம் இழுத்துப் போட்டேன்.

"எங்க வச்சி விளையாடின?"

"நான் எடுக்கல்ல வாப்பா."

உன் கன்னத்தில் அடித்தேன். உங்கள் உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"புள்ளைக்கு ஏன் அடிக்கிறீங்க? நீங்கதானே அத புத்தகத்துக்குள்ள வச்சீங்க! நான் கண்டேன்."

"அத இப்பதான் சொல்றியா?"

"நீங்க கேட்டீங்களா? வாய்க்கு முந்தி கைதானே போகுது!"

முகாமுக்கு நீ முன்னால் நடந்தாய். அந்தப் பிள்ளையின் உம்மா என் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

"கோவிக்காதீங்க நானா. புள்ள வாசிச்சி சிரிச்சிட்டிருந்திச்சு. பக்கத்தப் பொரட்டினா யாரோ ஆம்புளட படம், முத்திர. ஆமி சுத்திவளச்சி சோதிக்க வந்தா நாங்க என்னன்டு சொல்ற? அடுப்புல போட்டுட்டேன்."

புத்தகத்தையும் என் கையில் திணித்தாள். "இதயும் கொண்டு போங்க. எங்களுக்கு வேணாம்." அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளை புத்தகத்தையே பார்த்தது.

அவளோடு எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் எரித்திருப்பேன்.

கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு காவலரணுக்குப் போனேன். சனியும் ஞாயிறும் அங்கே உட்கார்ந்து ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்னேன். கடைசியில் போகச் சொன்னார்கள். புதுப் பாஸுக்கு ஒரு மாதம் ஆகுமாம்.

ஞாயிறு பின்னேரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தம்பி உன்னைக் கெஞ்சினான். "ராத்தா, ஆட்டுக் கதைய வாசிங்களே."

"ஏலாது. நான் அத வாசிச்சதாலதான் வாப்பாவப் புடிச்சி வச்சாங்க."

நீ அதை நம்பியிருந்தாய். பாஸை வைத்தவன் நான், கொடுத்துவிட்டு வா என்று விரட்டியவனும் நான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய், "தேத்தண்ணி இரிக்கா?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கியது. புத்தகத்தை ரீச்சரிடம் நீயே திருப்பிக் கொடுத்தாய். அந்த வருசம் முழுக்க வேறொரு கதைப் புத்தகம் நீ வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அன்று நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனபின் நான் கரைக்குப் போனேன். மற்றவர்கள் கடலில் இருந்தார்கள். என் வள்ளம் மட்டும் மணலில் கிடந்தது. "நான்தான் வச்சேன் மகள், ஒன்ட பிழையில்ல" என்று சொல்லிப் பார்த்தேன். இன்னொரு தடவை சொன்னேன். உன்னிடம் சொல்வது இப்போதுதான். பிறகு ஒரு மாத வெயிலுக்குத் தாங்குகிற மாதிரி வள்ளத்தின் மேல் தென்னோலைக் கிடுகுகளை அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டினேன்.