பூங்காவனம் டீச்சர் ஏன் போகவில்லை

மலைமேல் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக முள்ளுக்குறிச்சியில் காலை பஸ் ஏறி உட்கார்ந்தவன் வழக்கம்போல் கண் அசந்துவிட்டேன். பாதி மலையில் செல்போன் சிக்னல் போய்விடும். மேலே அரியூர் நாட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் மறுபடி வரும். அன்றைக்கு அது வந்தபோது தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. யாரையும் திருப்பிக் கூப்பிடுவதற்கு முன்பே கண்டக்டர் என் சீட்டருகே வந்து நின்றார். "ஏனுங்க சார், உங்களுக்குத் தெரியாதுங்களா? நம்ம பி.டி. டீச்சர் தவறிட்டாங்களாமுங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம்." "யாரு, பூங்காவனம் டீச்சரா?" என்று கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்று இருந்ததே ஒருவர்தான். இருந்தும் கேட்டேன்.

நோயில் விழாமல், வலி என்று ஒரு சொல் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். எனக்கும் அதில் நிம்மதிதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இழவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் டீச்சரின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "என்ன இருந்து என்னங்க, வெளிநாட்டுக்குப் போற நேரத்துல பயந்துபோட்டாங்களே" என்று முடித்தார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள். டீச்சர் எதற்கும் பயந்தவர் இல்லை. அவர் ஏன் போகவில்லை என்பது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அப்படியிருந்தும் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. டீச்சரைத் தெரிந்த உங்கள் எல்லோரிடமும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவர் மலைமேல் பெரக்கரை நாடு என்று சொல்கிற ஊர்களைச் சேர்ந்தவர். எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. நான் அங்கே கணக்கு வாத்தியார், அவரைவிட எட்டு வயது இளையவன். நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு மாலை அவர் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் ஆட, ஓடவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் அது என்ன நடை என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நின்றார். "சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. ஒரு சுத்து எங்கூட நடந்துபோட்டு அப்புறம் சிரிங்க." ரோஷத்தில் இறங்கினேன். நடைப்போட்டி விதிப்படி ஊன்றும் காலில் முழங்கால் மடங்கக் கூடாது, ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், இரண்டில் எது தவறினாலும் நடுவர் அட்டையைக் காட்டிவிடுவார். அரைச் சுற்றிலேயே நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்த இரண்டு நாள் பஸ் படியில் ஏற முடியாமல் கண்டக்டர் கைகொடுத்து ஏற்றினார். மூத்தோர் தடகளத்தில் டீச்சர் அந்த நடையில்தான் மாநிலத்துக்கும் அதற்கு அப்பாலும் போய் மெடல் வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "எல்லாரும் எங்கயாச்சும் போயிச் சேர நடக்கறாங்க. நான் தப்பில்லாம நடக்கோணும்னு நடக்கறனுங்க" என்பார். அந்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாடு இருவருக்கும் விளையாட்டுச் சாமான் அறையில், பந்து மூட்டைகளுக்கு நடுவில்தான்.

ஒருநாள் அங்கே டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோவை வைத்தார். அவருடைய அக்கா மகள். "புள்ள தங்கமானது சார். நீங்களும் எத்தனை நாளைக்கு இப்படியே ஒண்டியா இருப்பீங்க?" வேறு யாராவது கேட்டிருந்தால் ஜாதகம், கிரகம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இருபது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு என்னமோ பொய் சொல்ல அலுத்துப்போயிருந்தது. எனக்குப் பெண்கள் மேல் மனசு போகாது, ஆண்கள் மேல்தான் போகும் என்று சொன்னேன். அதுவரைக்கும் அதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். பிறகு, "இதுக்கு வைத்தியம் ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனவன் ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் அவரே பத்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நான் கேட்டது தப்புங்க. எனக்குத் தெரியாததனால கேட்டுப்போட்டேன். இப்ப கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன். சாப்பிட வாங்க" என்றார். எங்கே, யாரிடம் தெரிந்துகொண்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா மகளுக்கு அந்த வருஷமே நாமக்கல்லில் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் நடக்கவிருந்த மூத்தோர் போட்டிக்கு டீச்சர் தேர்வானார். எந்த நாடு என்று உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அணி மேலாளர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த குறிப்புகளை என்னிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் விரலால் வரிகளைத் தொட்டபடியே வந்தார். தண்ணீர், பாஸ்போர்ட், ஊசி எல்லாம் சொல்லி முடித்ததும், "நாலாவது வரிய முழுங்கிட்டீங்களே சார்" என்றார். அடேயப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரிடம் ஏன் சுற்றைக் குறைத்து ஏமாற்ற முடிவதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த வரியையும் சொன்னேன். அந்த நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வது குற்றம், சிறைத் தண்டனை உண்டு, நம் அணியினர் பேச்சிலும் உடையிலும் கவனமாக இருக்க வேண்டும். டீச்சர், "அப்ப நீங்க அங்க போனா?" என்றார். "நான் எதுக்கு அங்க போறேன்?" என்றேன். "போனா என்ன பண்ணுவாங்கன்னுதான் கேக்கறேன்." அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது நல்ல கூத்து. டீச்சர் மேலாளருக்கு போன் போட்டார். அவர் வடக்கே எங்கிருந்தோ வந்து சென்னையில் இருப்பவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். டீச்சர் அவரிடம் யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, போனை வைக்கும்போது நம் ஊர் வழக்கப்படி, "சரிங்க சார், அப்ப நான் வாரேனுங்க" என்றார். நம்மில் எவன்தான் 'போகிறேன்' என்று சொல்லி விடைபெறுகிறான்? பாவம், அந்த மனுஷனுக்கு அது எப்படித் தெரியும்? வருகிறேன் என்று சொல்லிவிட்டாரே என்று பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார். அது பேப்பரில் வந்துவிட்டது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில், கும்பிட்ட கையோடு டீச்சர் நிற்கிற ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார். "அய்யோ சாமி, நான் போனை வைக்கறேன்னுதானுங்க சொன்னேன்!" எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்த ஃபிளெக்ஸ் பிற்பாடு யார் வீட்டிலோ மிளகு காயப்போடப் பயன்பட்டது.

சிரித்து முடித்ததும் நான்தான் அவரைப் போகச் சொன்னேன். இது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் என் தலையில் ஒரு கணக்கு ஓடியது. "நீங்க ஒருத்தர் போகாததால அந்தச் சட்டம் மாறிடப் போகுதா டீச்சர்? நஷ்டம் உங்களுக்குத்தான். தவிரவும் அந்த ஊர்லயும் என்னை மாதிரி ஆளுங்க ஒளிஞ்சு கிடப்பாங்க. வெளியாளுங்க யாருமே போகலைன்னா அவங்களை யார் நினைச்சுப் பாப்பா?" என்றேன். விடாமல், "நம்ம நாட்டுலயே சில வருஷம் முன்னால வரைக்கும் அது குத்தமாத்தான் இருந்துச்சு. அதுக்காக வெளிநாட்டுக்காரங்க இங்க விளையாட வராமலா இருந்தாங்க?" என்று கேட்டேன். "வந்தாங்க. எல்லாரும்தான் வந்தாங்க. வந்து உங்களுக்கு என்னங்க ஆச்சு?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

அவருக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை. புது ஷூ வாங்கி, தேய்ந்துவிடக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா தப்பான்னு எனக்கே தெரியலீங்க சார். நான் போகாட்டி அவியளுக்கு ஒரு மசுரும் போகாது, தெரியும். ஆனா அங்க போயிக் கொடியப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுபோட்டு வந்து, மக்காநாளு காலையில உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, விலகல் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான். அந்த நாட்டில் என் நண்பர் ஒருவர் கால் வைக்க முடியாது, அதனால் நானும் வைக்கவில்லை. அவ்வளவுதான் கடிதம். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. போட்டி நடந்தது. டீச்சரோடு நடக்கும் சேலத்துத் தோழி ஒருவர் போய் வெண்கலம் வாங்கினார். டீச்சரே கூப்பிட்டு வாழ்த்தினார். "அவங்கவங்க கால். எங்க வைக்கறதுன்னு அவங்கவங்கதான் பாத்துக்கோணும்" என்றார். அந்தச் சட்டம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

மலையில் பேச்சுக் கிளம்பியது. ஃபிளைட்டுக்குப் பயம் என்றார்கள், தோற்றுவிடுவோம் என்று பயம் என்றார்கள். டீச்சர் யாரையும் மறுக்கவில்லை. ஆமாங்க, பயந்தான் என்று சிரித்துவிடுவார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தச் சட்டம் பிடிக்கவில்லை என்று மட்டுமாவது சொல்லுங்களேன் என்றேன். "சொன்னா, 'உனக்கென்ன அதுல அக்கறை'ம்பாங்க. அப்புறம் நான் யாருகூட உக்காந்து சோறு திங்கறேன்னு பாப்பாங்க. வேண்டாங்க சார்" என்றார். வீட்டிலாவது சொல்லலாமே என்றதற்கு, "அது உங்க விசயமுங்க. ஊட்டுல சொல்ல நான் யாருங்க?" என்றார். நானும் பேசாமல் இருந்துகொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் ராமசாமி அண்ணன் வாசலில் உட்கார்ந்து மிளகைக் கொத்திலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பயந்தவர் இல்லை என்று எப்படி ஆரம்பிப்பது என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போது அவரே முந்திக்கொண்டார். "எல்லாரும் பயந்துபோட்டான்னு சொல்றாங்க. பயமெல்லாம் இல்லீங்க சார். நாந்தான் காரணம். அப்ப மிளகு பறிக்கற சமயம். பதினஞ்சு நாள் நீ போயிட்டா நான் ஒண்டியா என்ன பண்ணுவேன், மிளகா மெடலா, நீயே முடிவு பண்ணிக்கன்னு ஒரு வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க. மக்காவாரம் போகலைன்னு சொல்லிட்டா. ஏன்னு கேக்க எனக்கு வாய் வரலீங்க. ரெண்டு வருசமாச்சு. இப்பக் கேக்கலாம்னா ஆளே இல்லை."

டீச்சர் என்னைக் காப்பாற்றியதில் இந்த மனிதர் இரண்டு வருஷம் இப்படி வெந்துகொண்டிருந்தது டீச்சருக்கே தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார் என்பதை, அந்த நாட்டில் என்னைப் போன்றவர்களை என்ன செய்வார்கள் என்பதை, கடிதத்தில் எழுதியதை. சொல்லிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போங்க என்று சொல்வாரோ, இனிமேல் இந்த மலைக்கு எந்த முகத்தோடு பஸ் ஏறுவது என்று என்னென்னவோ ஓடியது. அண்ணன் கையில் இருந்த கொத்தைக் கீழே வைத்தார். "அப்ப, நான் சொன்னதுக்காக இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க அண்ணா."

"நெசமாவா சார்?"

"நெசமாங்க. எனக்காகத்தான் போகலை."

"அப்பாடா!" என்றார். தோள் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, கூடவே சிரிப்பும். இத்தனை வருஷம் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று நான் ஒளித்து ஒளித்துச் சுமந்ததை அவர் எதிரில் இறக்கி வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிப் போடுங்க சார். பயந்துக்கிச்சுன்னு இனி ஒருத்தனும் சொல்லக்கூடாது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்களுக்குச் சங்கடமா இருந்தா உங்க பேரை உட்டுருங்க" என்றார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சரின் மெடல்களைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறார்கள். வைக்கட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் வாங்காத மெடலைத்தான். என்னை உள்ளே விடாத வாசல் அவருக்குத் திறந்திருந்தது, அவர் என்னோடு வெளியிலேயே நின்றுகொண்டார். அவரைப் பயந்தவர் என்று சொன்னவர்களுக்கு என்னிடமிருந்து ஒரே பதில்தான் உண்டு. அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மு. செல்வராசு,
கணக்கு ஆசிரியர்,
முள்ளுக்குறிச்சி.