செல்லாயி அக்காவின் காலை வெயில்

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பதினாறு வருடம் புல் வெட்டிய செல்லாயி அக்கா, தோட்டம் விலைபோனதும் ஈப்போவுக்கு வந்தார். நான் டிக்கெட் கிழிக்கும் படக்கொட்டகையில், டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை அவருக்கு. அது எழுபத்தாறாம் வருடம். "இனிமே என் மேல வெயில் படாதுலா, ராஜு" என்றபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சொன்னபடியே இருந்தார். தெருவில் குடை, கொட்டகைக்குள் இருட்டு. பத்து வருடத்தில் உடம்பு இரண்டு மடங்கானது. டவுன் சோறு ஒட்டியிருக்கிறது என்று அதிலும் பெருமைதான்.

எண்பத்தெட்டில் கால் எலும்பெல்லாம் வலிக்க ஆரம்பித்தது. பால்கனிக்கு முப்பத்திரண்டு படி, பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். தீபாவளிப் படம் வருவதற்குள் படி ஏற முடியாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று கொட்டகை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். அக்காவுக்கு யாருமில்லை, அந்த வேலைதான் சோறு. எனக்கோ பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "தின்னு தின்னு வந்த வெனை இது அக்கா" என்று முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன்.

பிறகு நான்தான் டாக்டர் பழனியப்பனிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "வைட்டமின் டி ரொம்பக் கொறைவும்மா. எலும்புக்கு அதுதான் தெம்பு. வெயில் பட்டாத்தான் தோல்ல ஊறும். பெரிய ஒடம்புல அதுலயும் பாதி கொழுப்புக்குள்ள போயி தங்கிருது. மாத்திரை தாரேன். காலையில கை கால்ல வெயில் படட்டும்."

"வெயில்ல நிக்கிறதுக்கு நான் தோட்டத்துலயே இருந்திருப்பேனே!" வீடு வரும்வரை அக்கா பொரிந்து தள்ளினார்.

மறுநாள் புந்தோங்கில் தன் வீட்டு வாசலில் நின்றார். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. கையில் வேலையில்லாமல் வெயிலில் நிற்க அவருக்குத் தெரியவில்லை. "சும்மா நின்னா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்திருவானுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மாரியம்மா கடலை வறுத்து விற்பவர். ஊறவைத்த கடலையை வாசலில் பாய் விரித்துக் காயப்போடுவார். "அக்கா, கொஞ்சம் மைனாவ வெரட்டுங்களேன்" என்றார். அவ்வளவுதான். கையில் குச்சி வந்ததும் அக்காவுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தினமும் காலையில் காவல். மைனா தின்றதைவிட அக்கா கொறித்ததுதான் அதிகம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் மறக்கவில்லை.

தீபாவளி மேட்னி. தவுக்கே மேல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே நான் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஏறினார். உடம்பு ஒரு கிலோகூடக் குறையவில்லை. இருபதாவது படியில் மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கவில்லை. முப்பத்திரண்டாவது படியில் தவுக்கேயின் முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்தார்.

"டிக்கெட் எங்க தவுக்கே? இருந்தா குடுங்க, எடம் காட்டுறேன்."

தவுக்கே சிரித்தபடி வழிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் அண்ணாந்து பார்க்க, டார்ச் வெளிச்சம் என் மேல் விழுந்தது.

"என்னா பாக்குற ராஜு? ஆளுங்க நிக்கிறாங்க, டிக்கெட்ட கிழி!"